வர்ஜீனியாவில் ஓர் என்ஃபீல்டு நகல்: குறி ஏன் தவறியது, எப்படித் திருந்தியது

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வின்செஸ்டர் ஊருக்குப் பக்கத்தில் ஃபோர்ட் ஷெனண்டோவா என்று ஒரு சுடுதளம் இருக்கிறது. 1950இல் தொடங்கிய நார்த்-சவுத் ஸ்கர்மிஷ் அசோசியேஷன் என்ற அமைப்பின் இடம் அது. உறுப்பினர்கள் 1861–65 உள்நாட்டுப் போர்க் காலத்து ராணுவ உடுப்பைப் போட்டுக்கொண்டு, அந்தக் காலத்துத் துப்பாக்கிகளாலோ அவற்றின் நகல்களாலோ நிஜக் குண்டு போட்டுச் சுடுகிறார்கள். எட்டுப் பேர் கொண்ட அணி வரிசையாக நிற்கும். எதிரே 50 கஜத்திலும் 100 கஜத்திலும் களிமண் வட்டுகள், ஓடுகள் போன்றவை இருக்கும். எந்த அணி குறைந்த நேரத்தில் எல்லாவற்றையும் உடைக்கிறதோ அதற்கு வெற்றி. போர் நடித்துக் காட்டும் கூட்டத்தோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே வெறும் மருந்துச் சத்தம்தான், இங்கே ஈயம் பறக்கும்.

அப்படி ஓர் அணியில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் வாங்கிய துப்பாக்கியைப் பற்றியது இந்த ஆய்வு. துப்பாக்கி உடைசல் இல்லை, அவர் கையும் கண்ணும் நன்றாகத்தான் இருந்தன. ஆனாலும் 50 கஜத்தில், மணல்மூட்டையில் சாய்த்து வைத்துச் சுட்டும், குண்டுகள் பத்து அங்குல வட்டத்துக்குள் அடங்கவில்லை. முக்கியக் காரணம், குழலுக்கும் குண்டுக்கும் நடுவே இருந்த ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு இடைவெளி. இந்த வகைத் துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் மாடல் பெயரையும் மரத்தின் நிறத்தையும் பார்க்கும் நேரத்தில் பாதியைக் குழலின் விட்டத்தை அளக்கச் செலவழித்தால் போதும் என்பது என் கட்சி. இந்த ஆளின் அனுபவம் அதற்கு நல்ல சாட்சி.

எதை வாங்குவது

அவர் முன்னால் இருந்த தேர்வுகள் எல்லாருக்கும் இருப்பவைதான். முதலாவது அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு 1861. உட்குழல் .58 அங்குலம், குழல் நீளம் 40 அங்குலம், உள்ளே மூன்று சுழல் வரிப்பள்ளங்கள், 72 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இரண்டாவது ஆங்கிலேயரின் 1853 என்ஃபீல்டு. .577 அங்குலம், 39 அங்குலக் குழல், மூன்று பள்ளங்கள், 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதாவது குண்டு குழலைவிட்டு வெளியே வருவதற்குள் சரியாக அரைச் சுற்றுதான் சுற்றியிருக்கும். அமெரிக்கப் போரில் வடக்கும் தெற்கும் இதை லட்சக்கணக்கில் இறக்குமதி செய்தன. அதனால் எந்தப் பக்கத்து உடுப்புப் போட்டாலும் என்ஃபீல்டு பொருந்தும். மூன்றாவது அதே என்ஃபீல்டின் குட்டை வடிவம், 1858 கடற்படை மாதிரி. 33 அங்குலக் குழல், ஐந்து பள்ளங்கள், 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குழல் தடிமன் அதிகம், சுழற்சியும் வேகம். நகல்களில் துல்லியத்துக்குப் பேர்போனது இதுதான்.

ஜுவாவ் என்று ஒன்றும் உண்டு. பித்தளை வேலைப்பாடு பளபளக்க, பார்த்ததும் வாங்கத் தோன்றும். ரெமிங்டன் ஒப்பந்தத்தில் செய்த துப்பாக்கி அது. அசல் போரில் பெரிதாகப் பயன்பட்டதற்குச் சான்று இல்லை. ஆனால் நகல் துப்பாக்கி வியாபாரம் சூடுபிடித்த 1960களில் முதலில் விற்றுத் தள்ளியது இதைத்தான். வரலாறு பேசுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், குறி சுடுகிறவர்கள் கவலைப்பட மாட்டார்கள்.

யார் செய்தது என்ற கேள்விக்கு இன்று பெரும்பாலும் ஒரே ஊர்ப்பக்கம்தான் பதில்: இத்தாலியின் பிரெஷா மாவட்டம். பெதர்சோலியும் அங்கேதான், ஆர்மி ஸ்போர்ட் என்ற பெயரில் விற்கும் கியாப்பாவும் அங்கேதான். யூரோஆர்ம்ஸ் 2011இல் மூடிவிட்டது. இதற்கெல்லாம் முன்னால், 1970களில், இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பார்க்கர்-ஹேல் செய்த என்ஃபீல்டு நகல்களுக்குத் தனி மவுசு. அசல் துப்பாக்கிகளின் அளவுகளை வைத்துச் செய்தார்கள். குழலும் அசல் போலவே, வரிப்பள்ளம் அடியில் ஆழமாகவும் வாய்ப்பக்கம் வர வர ஆழம் குறைந்தும் இருக்கும். விரிந்த குண்டை அது கடைசிவரை இறுக்கிப் பிடிக்கும். ஒரு சின்ன விஷயம்: பார்க்கர்-ஹேல் நகலெடுத்தது, குழலை மரத்தோடு பிடிக்கும் வளையங்களில் பேடலி என்ற வகையைப் பூட்டிய நாலாவது வகை என்ஃபீல்டை. அமெரிக்கப் போருக்கு வந்தவை பெரும்பாலும் அதற்கு முந்தைய வகை. உடுப்பின் பொத்தான் எண்ணிக்கைவரை பார்க்கிற அணிகளில் இதற்கும் ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

பழைய துப்பாக்கி வாங்கினால் குழலைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லலாம். இத்தாலியச் சோதனைக்கூட முத்திரையோடு ஒரு சின்னக் கட்டத்துக்குள் எழுத்துக்குறி இருக்கும். எந்த ஆண்டு சோதித்தார்கள் என்று அது காட்டும். முத்திரையே இல்லாத, உதிரிப் பாகங்களை வாங்கி வீட்டில் கோத்த துப்பாக்கியும் சந்தையில் உண்டு. அது நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் யார் கோத்தது என்று தெரியாமல் அதில் மருந்து கெட்டிக்க எனக்கு மனசு வராது.

நம் ஆள் வாங்கியது பயன்படுத்திய இத்தாலிய மூன்று வளைய என்ஃபீல்டு, அதாவது 39 அங்குல நீளக் குழல் வகை. எந்தப் பட்டறை என்பது இங்கே வேண்டாம். அணியில் மற்றவர்கள் வைத்திருப்பதும் அதே வகை, விலையும் கட்டுப்படியானது. கடையில் குதிரையை, அதாவது விசையை அழுத்தினால் விழுந்து அடிக்கும் சுத்தியலை, பாதி இழுத்து நிறுத்தி விசையை அழுத்திப் பார்த்தார், விழவில்லை. இது கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை. பாதி நிலையில் விழுகிற குதிரை உள்ள துப்பாக்கியை யார் தந்தாலும் வாங்கக் கூடாது. குழலுக்குள் விளக்கு விட்டுத் துருவும் பள்ளமும் இல்லை என்று பார்த்தார். விட்டத்தை மட்டும் யாரும் அளக்கவில்லை. குழல்மேல் .58 என்று போட்டிருந்தது, அதை அப்படியே நம்பிக்கொண்டார்கள்.

மண்மேட்டில் கிடைத்த சாட்சி

.575 என்று பெயர் போட்ட, குண்டு வார்க்கும் ஓர் அச்சு, பழைய கார்ச் சக்கர எடைகளை உருக்கிய ஈயம், 60 கிரெயின் மருந்து. கிராமில் சொன்னால் சுமார் 3.9. போர்க்காலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போட்ட அளவும் அதேதான். இப்படித்தான் அவர் ஆரம்பித்தார். சுட்டவை எல்லாம் குறிக்கு ஒரு சாண் மேலே, இடமும் வலமுமாகச் சிதறின. காகிதத்தில் சில துளைகள் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தன. குண்டு நிலைகுலைந்து பக்கவாட்டில் சாய்ந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த மாதிரி நேரத்தில் எல்லாரும் மருந்தைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது, இலக்குக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் ஒரு சல்லடையோடு உட்காருவது. சுட்ட குண்டுகளைத் தேடி எடுத்தோம். மூக்கு நசுங்கியிருந்தாலும் பலவற்றில் அடிப்பாகம் அப்படியே இருந்தது. நல்ல சூட்டில் அந்த அடிப்பாகத்தைச் சுற்றி மூன்று வரிப்பள்ளங்களின் தடமும் ஒரே அழுத்தத்தில் பதிந்திருக்கும். இவற்றில் ஒரு பக்கம் மட்டும் தடம் இருந்தது, மறுபக்கம் வழுவழுவென்று கருகியிருந்தது.

இது ஏன் முக்கியம் என்று புரிய மினியே குண்டின் சூட்சுமம் தெரிய வேண்டும். குழலின் வாய் வழியாகக் குண்டு சுலபமாக இறங்க வேண்டுமென்றால் அது குழலைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். வரிப்பள்ளத்தைப் பிடித்துச் சுழல வேண்டுமென்றால் குழலைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இந்த முரணை 1849இல் பிரான்சின் கேப்டன் மினியே தீர்த்தார்: குண்டின் அடியைக் குடைந்து, அந்தக் குழிக்குள் இரும்புக் கிண்ணம் ஒன்றை வைத்தார். மருந்து வெடிக்கும்போது கிண்ணம் உள்ளே தள்ளி அடிவிளிம்பை விரிக்கும். ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதச்சாலையில் இருந்த ஜேம்ஸ் பர்ட்டன் கிண்ணத்தையே தூக்கிவிட்டார். விளிம்பு போதுமான அளவு மெல்லியதாக இருந்தால் வாயுவின் அழுத்தமே அதை விரித்துவிடும் என்று காட்டினார். இன்று நகல் துப்பாக்கிகளில் போடும் குண்டுகள் பெரும்பாலும் பர்ட்டன் வழிதான்.

ஆக, மெல்லிய ஈய விளிம்பு கண்ணிமைக்கும் நேரத்தில் விரிந்து பள்ளத்தை நிரப்ப வேண்டும். அதற்கு இரண்டு நிபந்தனைகள். ஈயம் மிருதுவாக இருக்க வேண்டும், விரிய வேண்டிய தூரம் குறைவாக இருக்க வேண்டும். நம் ஆளுக்கு இரண்டுமே இல்லை. சக்கர எடை ஈயத்தில் ஆன்டிமனி கலந்திருக்கும், கடினம். நகத்தால் கீறினால் சுத்த ஈயத்தில் கோடு விழும், இதில் நகம் வழுக்கியது. அப்புறம் குழல்வாயில் அளவுக்கம்பிகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தோம். .580 கம்பி இறங்கியது, .581 நின்றுவிட்டது. குண்டோ .575. விளிம்பு ஒரு பக்கம் குழலைத் தொட்டு, மறுபக்கம் வாயு பீறிட்டு வெளியேறியதால்தான் அந்தக் கருகல்.

நகல்களில் .577 என்று விற்பவை உண்மையில் .577இலிருந்து .582வரை எங்கும் இருக்கலாம். ஒரே பட்டறையின் இரண்டு குழல்கள்கூட ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இந்தத் துறையில் பழகியவர்கள் குழலைவிட ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு குறைவாகக் குண்டு வைப்பார்கள். அதற்கு வழி: கொஞ்சம் பெரிதாக வார்க்கிற அச்சில் சுத்த ஈயத்தில் வார்த்து, சரியான துளையுள்ள டை என்ற கருவிக்குள் அழுத்தி அளவுக்குக் கொண்டுவருவது. சின்னக் குண்டைப் பெரிதாக்க எந்த டையாலும் முடியாது. அதனால் அவருடைய .575 அச்சு ஓரங்கட்டப்பட்டது. புதிய அச்சு, .579 டை, குழாய்வேலைக்காரர்களிடம் வாங்கிய பழைய சுத்த ஈயம். மருந்தளவைக்கூட மாற்றாமல் சுட்டபோதே சிதறல் ஏறக்குறைய பாதியானது. நீள்வட்டத் துளைகள் காணாமல் போயின.

கொழுப்பு விவகாரம்

என்ஃபீல்டு என்றதும் நம் பள்ளிப் பாடப்புத்தகத்தின் 1857 எல்லாருக்கும் ஞாபகம் வரும்: பசு, பன்றிக் கொழுப்பு தடவிய தோட்டா, பல்லால் கடிக்கும் காகிதம், பாரக்பூரில் மங்கள் பாண்டே, மீரட்டில் 85 குதிரைப்படையினர் தோட்டாவைத் தொட மறுத்தது. கொழுப்பு எதற்கு என்று மட்டும் பாடத்தில் சொல்ல மாட்டார்கள். கருப்பு வெடிமருந்து எரிந்தால் அதில் பாதிக்கு மேல் திடக் கசடாகவே மிஞ்சும். நாலைந்து முறை சுட்டதும் அது குழலில் காய்ந்து அப்பிக்கொள்ளும், அடுத்த குண்டு இறங்காது. கொழுப்பு அந்தக் கசடை இளக்கி வைக்கிறது. இறுக்கமான குண்டு, சுழல் வரியுள்ள குழல், கருப்பு மருந்து மூன்றும் சேர்ந்தால் ஏதோ ஒரு பிசுக்கு இல்லாமல் வேலை நடக்காது. அது எந்த மிருகத்தின் கொழுப்பு என்று சிப்பாய்களின் இடத்திலிருந்து யோசிக்கக் கம்பெனிக்குத் தோன்றவில்லை.

அந்தக் கிளர்ச்சி சுடுபவர்களுக்கு இன்னொரு பாடத்தையும் விட்டுப்போனது. என்ஃபீல்டின் முதல் குண்டு .568 அங்குலம், மேலே காகிதச் சுற்று. வட இந்திய வெயிலில் கசடு காய்ந்து, பிரிட்டிஷ் சிப்பாய்களே குண்டை இறக்க முடியாமல் திணறினார்கள். அதற்குப் பிறகு விட்டத்தை .550க்குக் குறைத்தார்கள். இவ்வளவு சின்னக் குண்டு விரிய அடிக்குழியில் இருந்த மரத்தக்கை உதவியது, மிருதுவான ஈயத்தையும் விடவில்லை. தடவும் கலவையும் தேன்மெழுகு பெரும்பங்காக மாறியது. ராணுவத்துக்கு வேகமாகக் கெட்டிப்பது முக்கியம், அதனால் இடைவெளியைக் கூட்டித் தக்கையால் ஈடுகட்டினார்கள். குறி சுடுகிறவருக்குத் துல்லியம் முக்கியம், அவர் இடைவெளியைக் குறைத்துக் கொழுப்பால் ஈடுகட்டுகிறார்.

நம் ஆள் முதலில் தடவியது கடையில் கிடைத்த பெட்ரோலிய கிரீஸ். அது கருப்பு மருந்தோடு சேர்ந்தால் தார் போலக் கெட்டியாகும். .579 குண்டு சில சூட்டுகளுக்குப் பிறகு பாதி வழியில் நின்றது. தேன்மெழுகும் ஆட்டுக் கொழுப்பும் உருக்கிக் கலந்து, குண்டின் பள்ளங்களில் படும்படி முக்கி எடுத்ததும் சிக்கல் தீர்ந்தது. வெயில் காலத்தில் மெழுகைக் கூட்டிக்கொள்ளலாம். வரிசையாகச் சுட்டுக்கொண்டே போனாலும் கெட்டிக்கும் கோலின் எடைக்கே குண்டு இறங்குகிறது என்றால் கலவை சரி.

மருந்து, குறி, தீ

குண்டு பொருந்திய பிறகுதான் மருந்தளவைத் தேடுவதில் அர்த்தம் உண்டு. 40 கிரெயினில் ஆரம்பித்து, இரண்டரை இரண்டரையாகக் கூட்டி, ஒவ்வோர் அளவுக்கும் ஐந்து குண்டு சுட்டுப் பார்த்தார். 45 கிரெயின் அருகே சிதறல் மிகக் குறைவு. 60ஐ நெருங்கியதும் மறுபடி விரிந்தது. மண்மேட்டில் எடுத்த குண்டுகளில் காரணம் தெரிந்தது: மெல்லிய அடிவிளிம்பு குழலைத் தாண்டியதும் பூ மலர்ந்த மாதிரி வெளியே மடங்கியிருந்தது. போர்க்கால மருந்தளவு வேண்டுமென்றால் தடித்த விளிம்புள்ள அச்சுக்குப் போக வேண்டும். 50, 100 கஜ ஓடுகளை உடைக்க அது தேவையே இல்லை, தோளுக்கும் நல்லது.

மேலே போகிற ஒரு சாண் இன்னும் பாக்கி. இது பழுதில்லை, பிறவிக் குணம். என்ஃபீல்டின் பின்குறியில் மிகக் குறைந்த படியே 100 கஜம். அசல் துப்பாக்கி எதிரி வரிசையின் வயிற்றைப் பார்த்துச் சுடுவதற்கானது, 50 கஜ ஓட்டுக்கு அல்ல. தீர்வு முன்குறிமுள்ளை உயரமாக்குவது. கணக்கு எளிது: இரண்டு குறிகளுக்கும் நடுவே சுமார் 34 அங்குலம், இலக்கு 1,800 அங்குலத்தில், இறக்க வேண்டியது 9 அங்குலம். ஒன்பதை 1,800ஆல் வகுத்து 34ஆல் பெருக்கினால் 0.17 அங்குலம், அதாவது நாலு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கொஞ்சம் அதிக உயரமாகவே ஒரு முள்ளை வைத்து, சுடுதளத்தில் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தார். முள் தேயத் தேயக் குண்டு மேலே ஏறும். கூடுதலாகத் தேய்த்துவிட்டால் மறுபடி புது முள்தான், அதனால் இங்கே அவசரம் ஆகாது.

மீதி இருந்தது தீப்பிடிக்கும் தாமதம். கேப் (மருந்துக்குத் தீ வைக்கும் சின்ன உலோகத் தொப்பி) வெடித்து ஒரு கணம் கழித்துக் குழல் வெடித்தது. அந்தக் கணத்தில் கை ஆடிவிடும். கேப் மாட்டும் முனையான நிப்பிளிலிருந்து குழலின் அடிக்குப் போகும் வழி நேராக இல்லாமல் மடங்கிப் போவதால் கசடும் எண்ணெயும் அங்கே தேங்கும். பழைய உரிமையாளர் பூசிய எண்ணெய் அங்கே கெட்டியாகியிருந்தது. அதைக் குடைந்து எடுத்து, தேய்ந்துபோன நிப்பிளை மாற்றியதும் சரியாயிற்று. சுடத் தொடங்குமுன் குழலில் மருந்தில்லாமல் இரண்டு கேப் வெடித்து வழியைக் காயவைப்பது இப்போது அவர் பழக்கம்.

கெட்டிக்கும் முறையில் அணி அவரை ஒரு விஷயத்தில் விடவே இல்லை. பெரிய குப்பியிலிருந்து நேராகக் குழலுக்குள் மருந்து கொட்டக் கூடாது. உள்ளே ஒரு பொறி மிஞ்சியிருந்தாலும் குப்பி கையிலேயே வெடிக்கும். ஒரு சூட்டுக்கான மருந்தை மட்டும் சின்னக் குழாயில் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். குண்டு மருந்தின் மேல் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும், கேப் கடைசியில்தான். கோலில் ஒரு கோடு போட்டு வைத்தால் குழல் காலியா, ஒரு குண்டா, இரண்டா என்று பார்த்ததும் தெரியும். 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் களத்தில் பொறுக்கிய துப்பாக்கிகளில் பலவற்றுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகள் இருந்தன. அந்தச் சத்தத்தில் தன் துப்பாக்கி வெடித்ததா இல்லையா என்றே சிப்பாய்க்குத் தெரியவில்லை. போட்டி வரிசையில் இரு பக்கமும் ஏழு பேர் சுடும்போது இதே குழப்பம் இன்றும் வரும்.

சுட்ட அன்றே தண்ணீரும் சோப்பும் விட்டுக் கழுவ வேண்டும். கசடு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சட்டம் பற்றி ஒரு வரி: அமெரிக்காவில் 1968 மத்தியச் சட்டப்படி இவ்வகை நகல்கள் பழங்காலத் துப்பாக்கிக் கணக்கில் வரும், மாநிலச் சட்டம் வேறுபடலாம். பிரிட்டனில் இதற்கும் சான்றிதழ் தேவை. இந்தியாவில் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் உரிமம் இல்லாமல் முடியாது.

இப்போது அந்தத் துப்பாக்கி 50 கஜத்தில் மூன்று அங்குலத்துக்குள் சுடுகிறது, வட்டு உடைக்க அது போதும். 100 கஜத்தில் இன்னும் சுமாராகத்தான் இருக்கிறது. அந்தக் குழலின் வரிப்பள்ளம் அடியிலிருந்து வாய்வரை ஒரே ஆழம், அசல் போல ஆழம் குறைந்து வருவதில்லை. குழலைக் குடைந்து உள்ளே புதிய குழாய் செருகி, ஆழம் மாறும் வரி வெட்டித் தருகிற கைவினைஞர்கள் இருக்கிறார்கள். அந்தச் செலவையும் துப்பாக்கியின் விலையையும் சேர்த்தால் நல்ல நிலையில் உள்ள பார்க்கர்-ஹேல் குட்டை என்ஃபீல்டே வாங்கியிருக்கலாம். அவர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு 100 கஜ ஓடுகளை அணியில் மற்றவர்களுக்கு விட்டுவிட்டார்.